நடுவில் ஆளில்லாத ஆட்டம்

மேலாளர் பெயர் என்ன என்று லேப்டாப் கேட்டது. யோசிக்காமல் உன் பெயரை அடித்துவிட்டேன். திரையில் அதைப் பார்த்ததும் அழிக்காமல் அப்படியே விட்டேன். மணவாள நகரிலிருந்து வந்து தங்கியிருக்கும் என் மச்சினன் ஆடுகிற கால்பந்து விளையாட்டு அது. பந்தை நாம் உதைக்க வேண்டியதில்லை. யார் எங்கே நிற்பது, எப்படி ஆடுவது என்று சொல்லிவிட்டால் ஆட்டம் தானே நடக்கும். யாரோ வெளிநாட்டுக் கோச்சின் ஆட்டத்தை அப்படியே அதில் கொண்டுவந்துவிட்டதாகப் பையன் பீற்றிக்கொண்டிருந்தான். "எனக்குத் தெரிஞ்ச கோச்சு ஒருத்தன் இருந்தான். அவன் ஆட்டத்தக் கொண்டாந்து காட்டுடா பாக்கலாம்" என்றேன்.

வீம்புக்குச் சொன்னேன் என்று நினைக்காதே. மார்கழியில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. அதன்பிறகு, இரும்பைக் காய்ச்சி அடிக்கும் நம் ஃபோர்ஜிங் ஷாப்பின் டீம் மைதானத்துப் பக்கமே போகவில்லை. உன் காரியத்தன்று நம் கோல்கீப்பர், அதுதான் உன்னிடமே எதிர்த்துப் பேசுவானே அந்த வெல்டர், "அவன் இல்லாம இன்னாத்துக்குப்பா டீமு? கலச்சிட்டுப் போலாம்" என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள். பெயிண்ட் கம்பெனியோடு ஒரே ஒரு ஆட்டம் ஆடுவோம், சரிப்படவில்லையென்றால் கலைத்துவிடலாம் என்று கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தேன். கோட்டோரம் உன் இடத்தில் நிற்பதாகவும் ஒப்புக்கொண்டேன். அதற்குள் உன் ஆட்டம் எனக்குப் புரிந்தாக வேண்டும். இத்தனை வருஷம் உள்ளே ஓடியவனுக்கு, ஓடியது மட்டும்தானே ஞாபகம் இருக்கும்!

உன் ஆட்டமே ஒரு கிறுக்கு ஆட்டம். எல்லா டீமும் நடுவில் ஆளை நிறுத்தும். நீ மட்டும் நடுவைக் காலியாக விடுவாய். கேட்டால், "கிரேன் போற பாதையில எவனாச்சும் நிப்பானா? காலியா உடு. அவனே பந்த எடுத்துக்கினு உள்ள வருவான்" என்பாய். வருவான். வந்ததும் இரண்டு பக்கத்திலிருந்தும் நாங்கள் மூடிவிடுவோம். எப்படி மூடினோம் என்று கேட்டால் எங்களில் ஒருத்தனுக்கும் சொல்லத் தெரியாது.

மச்சினனிடம் அதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னா மாமா, நடுவுல ஒருத்தனையுமே காணோம்? உலகத்துல எவனாவது இப்படி ஆடுவானா?" நான் சொன்னபடியே நிறுத்தினான். கோல் மேல் கோல் வாங்கினோம். கொஞ்சம் மாற்றினோம், மறுபடியும் வாங்கினோம். எனக்கு ஒரே பேஜாராகிவிட்டது. பையன் என்ன நினைத்தானோ, ஒரு பட்டனைத் தட்டினான். பக்கவாட்டில் டிவியில் தெரிவதுபோல் தெரிந்துகொண்டிருந்த ஆட்டம் சட்டென்று மேலிருந்து தெரிந்தது. பச்சைத் தரை, அதில் ஆளுக்கொரு புள்ளி.

ஐயோ, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டதடா. வேலை நேரம் முழுக்க ஷாப்பின் கூரைக்குக் கீழே, கிரேன் கூண்டில் உட்கார்ந்து நீ பார்த்தது இதைத்தானே. எங்கள் முகம் உனக்குத் தெரிந்திருக்காது. மஞ்சள் ஹெல்மெட்டுகளும், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியும்தான் தெரிந்திருக்கும்.

அங்கிருந்து பார்த்ததும் என் தப்பு புரிந்தது. பக்கத்து ஆட்களை நான் கோட்டோரமாக ஒட்டி நிறுத்தியிருந்தேன். நீ அப்படி நிறுத்தமாட்டாய். ஒவ்வொருவனையும் கொஞ்சம் உள்ளே தள்ளி, மறுபக்கத்தில் நிற்கும் நம் ஆள் கண்ணில் படும்படி நிறுத்துவாய். சுத்தியல் சத்தத்தில் நம்மில் பாதிப் பேருக்குக் காது மந்தம். கூப்பிட்டால் கேட்காது. அதனால் எவனும் எவனையும் கூப்பிடத் தேவையில்லாத ஒரு ஆட்டத்தையே கட்டியிருக்கிறாய்! செவிட்டு டீம் என்று மற்ற கம்பெனிக்காரர்கள் கேலி பேசியபோது நீ சிரித்துக்கொண்டே நின்றதற்கு இப்போதுதான் எனக்கு அர்த்தம் தெரிகிறது. ஆட்களை உள்ளே தள்ளி நிறுத்தியதும் திரையில் கதவு சாத்துவதுபோல் இரண்டு பக்கமும் மூடியது. "மாமா, யாரு மாமா இந்தாளு?" என்றான் மச்சினன். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டோரம் போய் நின்றேன். கம்ப்யூட்டரில் இருந்த தைரியம் மைதானத்தில் இல்லை. தரையில் நின்றால் என்ன தெரியும்? எல்லாம் புழுதியும் காலுமாகத்தான் தெரிந்தது. முதல் பாதியிலேயே ஒரு கோல் வாங்கினோம். பதறிப்போய் நம் ஆட்கள் நடுவில் குவிந்தார்கள். கத்த வாயைத் திறந்தேன், யாருக்குக் கேட்கப் போகிறது என்று மூடிக்கொண்டேன். நீ செய்வதுபோல் கையைத் தூக்கினேன். 'விலகு' என்று காட்டினேன். ஒருவனைப் பார்த்து ஒருவனாக விலகினார்கள். நடு காலியானது. பெயிண்ட் கம்பெனிக்காரன் பந்தோடு ஆசை ஆசையாக உள்ளே வந்தான். 'மூடு' என்று காட்டினேன். மூடினார்கள்! பந்து நம் காலுக்கு வந்தது, அங்கிருந்து கோலுக்குப் போனது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஆட்டம் சமமாக முடிந்தது. வெல்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தான். "அடுத்த வாரம் எத்தினி மணிக்கு வரணும்?" என்றான். டீம் பிழைத்துக்கொண்டது. போகிற போக்கில், "அவன் காட்டுற மாரியே காட்டுறியேபா, அந்தச் சுண்டுவெரல் மடிச்சிக்கினு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சுண்டுவிரலை நான் மடக்கிக் காட்டவில்லையடா. என்றோ கிரேன் சங்கிலியில் மாட்டி நசுங்கியதிலிருந்து என் விரல் நிமிராது. உன் விரல் நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் மைதானத்தில் நீயும் மடக்கியே காட்டியிருக்கிறாய். ஷாப்பில் கீழே நின்று, தூக்கு, இறக்கு, நில்லு என்று உனக்குக் கைகாட்டியவன் நான். அத்தனை உயரத்திலிருந்து, அத்தனை வருஷமாக, நீ பார்த்துக்கொண்டிருந்தது என் கையை. மடங்கிய விரலும் சைகையில் சேர்த்தி என்றே எடுத்துக்கொண்டிருக்கிறாய்.

இப்போது வாராவாரம் கோட்டோரம் நின்று அந்தக் கையைத் தூக்குகிறேன். பதினோரு பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். உன் கை என்று நினைத்துப் பார்க்கிறார்கள். நான் திருத்தவில்லை. என்னை அத்தனை உன்னிப்பாகப் பார்த்தவன் நீ ஒருத்தன்தான்.