டிவியில் எழுத்து நின்ற வாரம்

அன்பு மகள் மார்னிக்கு,

அம்மா எழுதுகிறேன். கடல் தாண்டிய அந்த ஊரில் நீயும் உன் ஆட்டுமந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் உடம்புக்குக் கர்த்தர் கிருபையால் ஒரு குறையும் இல்லை. மனசுதான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இடத்தில் இல்லை. போனில் சொல்லலாம் என்று இரண்டு தரம் எடுத்தேன், வாய் வரவில்லை, வைத்துவிட்டேன்.

நீ வாங்கி அனுப்பிய டிவி வந்து சேர்ந்தது, கூடத்துச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, பக்கத்துப் பண்ணை பெவ் வந்து பார்த்துவிட்டு உனக்கென்னம்மா ராணி மாதிரி என்று வயிறெரிந்துவிட்டுப் போனாள். ஆனால் மாட்டிய அன்றைக்கே உன் அப்பாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று, ஏனென்றால் பேசுவது கீழே எழுத்தாக ஓடுமே, அது ஓடவில்லை. உனக்குத்தான் தெரியுமே, எழுத்து இல்லாமல் அவர் டிவியே பார்ப்பதில்லை, கேட்டால் இந்தக் காலத்துப் பசங்க வாயில கொழுக்கட்டையை வச்சுக்கிட்டு பேசறானுங்க, யாருக்குப் புரியுது என்பார். புது ரிமோட்டில் அந்தப் பொத்தானை அமுக்கு அமுக்கு என்று அமுக்கினார், மெனுவுக்குள் போனால் அந்த வரி மட்டும் மங்கிக் கிடக்கிறது, தொட்டால் அசையவில்லை. காரணம் நேற்றுத்தான் கேபிள் கம்பெனிப் பெண் போனில் சொன்னாள். பழைய டிவிக்குச் சுவரிலிருந்து வரும் திருகு வயர் நேராக உள்ளேயே போயிற்று, கூடவே ஒளிந்து வரும் எழுத்தை டிவியே பிரித்துப் போட்டது. புது டிவிக்குக் கேபிள் பெட்டி வழியாக எச்.டி.எம்.ஐ. வயரில் வருகிறது, அந்த வயரில் படம் வரும் சத்தம் வரும் எழுத்து மட்டும் தனியாக வராதாம், பெட்டியே அதைப் படத்தின் மேல் எழுதி அனுப்ப வேண்டுமாம். அதனால் டிவி ரிமோட்டோடு மல்லுக்கட்டிப் புண்ணியமில்லை, பெட்டியின் ரிமோட்டை எடுத்து அதன் மெனுவில்தான் போட வேண்டும். படுக்கையறைச் சின்ன டிவிக்கு ஆன்டெனா என்பதால் அதற்கு டிவி பொத்தானே போதும், இன்டர்நெட்டில் பார்க்கிற படத்துக்கோ அந்தந்த ஆப்புக்குள் வேறொரு பொத்தான். ஒரே வீட்டுக்குள் இப்படி ஆளுக்கொரு சட்டம், நன்றாக இருக்கிறதா பார். அந்த வாரம் முழுக்க மனுஷர் உன் பரிசைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படுக்கையறையிலேயே பழியாய்க் கிடந்தார். அப்போதாவது என் மண்டையில் உறைத்திருக்க வேண்டாமா?

ஞாயிறு கோயில் முடிந்து வந்ததும் நான்தான் பிடித்து உட்கார வைத்தேன், மகள் ஆசையா அனுப்பியிருக்கா, ஒரு மணி நேரம் உக்காந்து பாருங்க, தேய்ஞ்சா போயிடுவீங்க என்று. வானிலையும் சோள விலையும் சொல்கிற நிகழ்ச்சி ஓடியது. நடுவில் பெவ் கூப்பிட்டாள், சத்தத்தை அடைத்துவிட்டு அடுக்களையில் நின்று பேசினேன், அவள் ஆரம்பித்தால் நிறுத்துவாளா, திரும்பி வரும்போது அடுப்பில் வைத்த ஆப்பிள் பை பலகாரம் பாதி வெந்துவிட்டது. அப்பா அதே நாற்காலியில் உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டி ரசித்துக்கொண்டிருக்கிறார். என்ன சொல்றான் என்று கேட்டேன், என் முகத்தைப் பார்த்துவிட்டு வியாழக்கிழமை மழையாம் என்றார். அப்போதுதான் டிவியைப் பார்த்தேன் மார்னி. சத்தத்தை நான் திறக்கவே இல்லை! மனுஷர் அத்தனை நேரமும் ஊமைப் படம் பார்த்திருக்கிறார், சத்தம் இல்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை. பின்னால் போய் நின்று வெர்னன் என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கத்திக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. பலகாரத் தட்டின் மூடியைத் தரையில் போட்டேன், நாய் குரைத்துக்கொண்டு ஓடியது, அவர் பிடரிமயிர்கூட அசையவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காது மந்தம் என்பதற்காக இல்லையடி, வயசானால் யாருக்குத்தான் மந்தமில்லை. வாசலில் நிற்கிற, அப்பா ஓட்டுகிற அந்த மஞ்சள் பள்ளிக்கூட பஸ் ஞாபகத்துக்கு வந்தது.

நீயும் அந்த பஸ்ஸில் போனவள்தான். ஸ்வோபோடா குடும்பத்துச் சோளக்காட்டுப் பக்கத்து ரயில் கிராசிங்கில் கேட்டும் கிடையாது, விளக்கும் கிடையாது, ரயில் பாதை என்று எச்சரிக்கிற சிலுவை மாதிரிப் பலகை மட்டும்தான். பஸ்ஸை நிறுத்தி, டிரைவர் கையைத் தூக்கினால் பிள்ளைகள் எல்லாம் வாயை மூட, கதவையும் ஜன்னலையும் திறந்து, ரயில் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் தாண்ட வேண்டும். இப்போது சோளம் ஆளுயரம் தாண்டி நிற்கிறது, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, காதுதான் எல்லாம். காலையும் மாலையும் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு இந்த மனுஷர் எதைக் கேட்டார்? எதிரே போய் நின்று கேட்டேவிட்டேன். முதலில் நீதான் முணுமுணுன்னு பேசற என்று எகிறினார். நான் விடவில்லை. கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா, கண்ணாடியில பிள்ளைங்க மூஞ்சியைப் பாப்பேன் லொரெட்டா, ரயில் வந்தா அதுங்க தலை அந்தப் பக்கம் திரும்பும், டிவியில எழுத்து ஓடற மாதிரிதான் என்றார். அடப்பாவி மனுஷா, இப்ப எந்தப் பிள்ளை தலை தூக்குது, எல்லாம் காதுல மாட்டிக்கிட்டு போனுக்குள்ள குனிஞ்சு கிடக்குதே என்று அலறிவிட்டேன். லைசென்ஸுக்குக் காது பரிசோதனை உண்டே, அது எப்படித் தேறினீர்கள் என்றால், டாக்டர் ஹால்வர்சன் எதிரே நின்றுதான் கிசுகிசுப்பாராம், இவர் உதட்டைப் பார்த்தே சொல்லிவிட்டாராம்.

அவ்வளவும் சொன்ன பிறகும் வீம்பு போகவில்லை. ரயில் சத்தம் வேற, அது பெரிய சத்தம், எனக்கு நல்லாவே கேக்கும், வா நீயே வந்து பாரு என்று காரை எடுத்தார். கிராசிங்குக்குத் தள்ளி, நிறுத்தக் கோட்டின் பக்கத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றார். நான் அவரைத் தொடாமல் ஒதுங்கி நின்றேன். வெகுநேரம் காற்றில் சோளத்தாள் உரசுகிற சத்தம்தான். பிறகு தூரத்தில் ஊதல் கேட்டது. அவர் முகத்தையே பார்த்தேன், தேவனே கேட்கட்டும் கேட்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மறுபடி ஊதினான், கிட்டத்தில், எனக்குக் காதே கிழிந்தது. உன் அப்பா கண்ணை மூடியபடியே சிரிக்கிறார் மார்னி. பாத்தியா, ஒண்ணும் வரலை, இப்ப தாராளமா தாண்டலாம் என்கிறார். சொல்லி வாய் மூடவில்லை, நிலக்கரி ரயில் எஞ்சின் எங்கள் முன்னால் பாய்ந்தது. தரை அதிர்ந்த பிறகுதான் கண்ணைத் திறந்தார். பெட்டி பெட்டியாக அது போய் முடிகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார், அப்புறம் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். பாக்கெட்டிலிருந்து பஸ் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். நான்தான் அழுதேன்.

திங்கள் விடியும் முன்னே அவரே பள்ளிக்கூடத்து மேலதிகாரிக்குச் செய்தி அனுப்பி வேறு டிரைவரை வரச் சொன்னார், பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு நேரில் போய் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். காது மிஷினுக்கு அடுத்த வாரம் லிங்கன் நகரத்துக்குப் போகிறோம். பெட்டி மெனுவில் எழுத்தையும் போட்டாயிற்று, உன் டிவியை ஒரு குறையும் சொல்லாதே, அது வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

பள்ளியிலிருந்து திரும்பும்போது காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார். என் வாயையே பார்த்தபடி, கிறிஸ்துமஸுக்கு மார்னி போன் பண்ணி என்கிட்ட என்னமோ ரொம்ப நேரம் சொன்னாளே, என்ன சொன்னா என்று கேட்டார். கிரெக் தன்னை விட்டுப் போய்விட்டான் என்று அவள் சொன்னாள் என்றேன். அவள் அழுதாளா என்றார். ஆமாம் என்றேன். நான் என்ன சொன்னேன் என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரே சொன்னார், ரொம்ப நல்லது கண்ணு, ரொம்ப சந்தோஷம்னு சொன்னேன், எல்லாருக்கும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன் என்று.

தேவன் உன்னைக் கண்ணின் மணிபோல் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, குளிரில் வெறுந்தலையோடு மந்தைக்குப் போகாதே. சனிக்கிழமை பெவ் மகளின் கம்ப்யூட்டரைக் கடன் வாங்கி வைக்கிறேன், உன் முகம் தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் உட்கார்ந்து கூப்பிடு. கிறிஸ்துமஸுக்குச் சொன்னதையெல்லாம் அப்பாவிடம் முதலிலிருந்து இன்னொரு தரம் சொல்லம்மா, மெதுவாகச் சொல்.

என்றும் உன்னை நினைத்திருக்கும் அம்மா,
லொரெட்டா கூச்சேரா