டேன் ரின்டலாவின் வாக்குமூலம் குறித்து

அனுப்புநர்:
கேர்ஸ்டி ரின்டலா,
தண்டர் பே, ஒன்டாரியோ.

பெறுநர்:
ஆட்டக்காரர் ஒழுங்கு அலுவலர்,
வட ஏரிகள் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்,
டொரான்டோ.

பொருள்: ஜனவரி 21 ஆட்டத்தில் டேன் ரின்டலாவுக்குத் தலையில் அடிபட்டது – விசாரணையில் அவர் அளித்த வாக்குமூலத்தை நீக்கி மறுபடி விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. டேன் என் அண்ணன். உள்ளூர் அணியின் தடுப்பாட்டக்காரர். அன்று ரப்பர் வட்டைத் தட்டிவிட்டு, ஓரப் பலகையைப் பார்த்து நின்றார். வட்டு போய்விட்டது. அதன் பிறகுதான் எதிரணியின் கார்மோடி வந்தார். பின்னாலிருந்து தோள். கண்ணாடித் தடுப்பில் தலை. ஹெல்மெட் தனியே உருண்டது. அரங்கம் முதலில் கைதட்டியது. பிறகு நிறுத்தியது.

2. நடுவர் கார்மோடியை இரண்டு நிமிடம் வெளியே உட்கார வைத்தார். அவர் திரும்பியதும் எங்கள் அணியின் வெஸ் டகெட் கையுறைகளைக் கழற்றிப் போட்டார். இருவரும் குத்திக்கொண்டார்கள். இடித்தவர் சண்டைக்கு நின்றுவிட்டால் விஷயம் முடிந்தது என்பது இங்கே வழக்கம். தாங்கள் அறிவீர்கள். மறுநாள் கார்மோடி காப்பி வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். "தப்பா எடுத்துக்காதடா, ரெண்டு சர்க்கரை போடச் சொன்னேன்" என்றார். அண்ணன் நன்றி சொன்னார். அவர் போன பின், யார் அது என்று என்னைக் கேட்டார்.

3. ஜனவரி 24 அன்று தங்கள் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. நான் அதே அறையில் இருந்தேன். அண்ணன் கூறியது: "என் மேலதான் தப்பு சார். தலையக் குனிஞ்சுட்டேன்." அதை ஏற்று, கார்மோடிக்குத் தண்டனை தேவையில்லை என்று முடிவு செய்தீர்கள்.

4. அவருக்கு அந்த ஆட்டமே நினைவில்லை. காலையில் கார் கண்ணாடியிலிருந்து பனியைச் சுரண்டியது நினைவிருக்கிறது. அடுத்தது மருத்துவமனைக் கூரை. அந்த வாக்கியம் வெஸ் சொல்லிக்கொடுத்தது. கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னார்: "நாம யாரையும் மாட்டிவிடுற ஆளில்லடா. குனிஞ்சேன்னு சொல்லு, போதும். நாளைக்கு நீ எவனையாவது இடிச்சா அவனும் இதையேதான் சொல்வான்." வெஸ் கெட்டவர் அல்ல. எங்கள் வாசல் பனியை இப்போது அவர்தான் அள்ளுகிறார்.

5. தலை வலிக்கிறதா என்று மருத்துவர் அண்ணனைக் கேட்கிறார். ஆட முடியுமா என்று பயிற்சியாளர் அண்ணனைக் கேட்கிறார். தாங்களும் அவரையே கேட்டீர்கள். அடிபட்ட அந்தத் தலைதான் எல்லோருக்கும் பதில் சொல்கிறது.

6. வரும் சனிக்கிழமை அதே அணி இங்கே ஆட வருகிறது. கார்மோடி ஆடுகிறார். அண்ணனும் ஆடுகிறார். சமையலறையில் ஸ்கேட் கயிறு கட்டிப் பார்க்கிறார். இடது காலை முடித்ததும் எழுந்து நின்றுவிடுகிறார். வலது காலில் காலுறை மட்டும். நான் காட்டினால் சிரிக்கிறார்.

ஆகவே, அந்த வாக்குமூலத்தை விலக்கிவிட்டு ஒளிப்பதிவை மட்டும் ஒருமுறை பார்க்கும்படி வேண்டுகிறேன். அதுவரை இருவரையும் ஐஸில் இறக்காதீர்கள். இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று பதில் வரலாம். வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

இப்படி எழுதப்போவதைச் செவ்வாயன்று அண்ணனிடம் சொன்னேன். "எழுதினா என்னோட பேசாத" என்றார். புதன் காலை அது அவருக்கு நினைவில்லை. நான் நினைவுபடுத்தவில்லை.

இடம்: தண்டர் பே
நாள்: 2 பிப்ரவரி 2017

இப்படிக்கு,
கேர்ஸ்டி ரின்டலா