மினிட்ஸ் புத்தகத்தில் என் பேர்

வண்டிப்பெரியார்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் இந்துவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், அட்டைக்கடி தவிர வேறு குறையில்லை, நீயும் அந்தக் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் பேசினால் மீட்டிங் என்று பாதியில் வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன். உன் யுனிவர்சிட்டி லைப்ரரி அச்சடித்த நோட்டீஸில் உன் போட்டோ பார்த்தோம். எல்லா நாட்டுக்காரர்களும் இங்கே வேலை பார்க்கிறார்கள் என்று காட்ட உன்னை நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள், நீயும் பட்டம் வாங்கிய அன்றுகூடக் காட்டாத பல்லையெல்லாம் காட்டிக்கொண்டு நிற்கிறாய். அப்பா அதை ஃபாக்டரி முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். ஆனால் நீ போனில், போட்டோவுக்கு மட்டும்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள், லைப்ரரி கமிட்டியில் நான் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, விலகப் போகிறேன் என்று சொன்னதிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

உன்னை மட்டும்தான் அப்படிப் பிடித்துப் போட்டார்கள் என்று நினைக்காதே. நம் தேயிலை எஸ்டேட் வாசகசாலைக் கமிட்டியில், மற்றவர்கள் எல்லாம் மலையாளிகள், போன வருஷம் என்னையும் சேர்த்தார்கள், தமிழ் ஆள் ஒன்று வேண்டும், பெண் ஒன்று வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து நான் ஒருத்தி போதும் என்று. முதல் கூட்டத்திலேயே, கொழுந்து எடுக்கிறவர்தானே, ஒரு சாயா போடுங்கள் என்றார்கள். நானும் போட்டுக் கொடுத்தேன், நன்றாக இருக்கிறது என்றதும் பெருமையாக வேறு இருந்தது, சிரிக்காதே. நாலு கூட்டம் சாயாவும் கையெழுத்துமாகப் போனது. ஐந்தாவதில் செயலாளர் ஷிஜு, தமிழ்ப் புத்தகத்தை யாரும் எடுப்பதில்லை, இனி வாங்க வேண்டாம் என்றான். எனக்குச் சுருக்கென்றது. நாலு மணிக்குத் தொறந்து ஆறுக்குப் பூட்டிருதீக, நாங்க கொழுந்த நிறுத்துக் குடுத்துட்டு லயத்து வீட்டுக்கு வந்து சேரதே ஆறு மணிக்கு, பெறகு எப்பம் புஸ்தகம் எடுக்க, ஞாயித்துக்கிழமை தொறந்து பாருங்க என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மலையாளம் பேசத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாதே, அதனால் கையெழுத்துப் போடும் முன், கூட்டத்தில் பேசியதென்று ஷிஜு எழுதிய மினிட்ஸை வாசித்துக் காட்டச் சொன்னேன். தமிழ்ப் புத்தகம் வாங்க வேண்டாம் என்பதற்குத் தமிழ் உறுப்பினரும் சம்மதித்தார் என்று எழுதியிருந்தான். கேட்டால், எப்பவும் இப்படித்தானே எழுதாறு சேச்சி, இதுதானே வழக்கம் என்கிறான். முந்தின நாலு கூட்டத்தில் என்னென்னத்துக்குச் சம்மதித்தேனோ, வெட்கமாகப் போய்விட்டது. அத அடிச்சிட்டு முருகேஸ்வரி இப்படிக் கேட்டாங்கன்னு எம் பேரப் போட்டு எழுதுப்பா, அப்பம்தான் கையெழுத்து என்று உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சாயாவும் இல்லை. எழுதினான்.

இப்போது ஞாயிறு காலை மூன்று மணி நேரம் திறக்கிறார்கள். முதல் வாரமே பக்கத்து வீட்டு வேலுத்தாய் ஒரு கொலைக் கதையை எடுத்துப் போனாள், இன்னும் திருப்பித் தரவில்லை, கேட்டால் கொலைகாரன் அகப்படவில்லை என்கிறாள். நீ விலகுவதானால் விலகு இந்து, அம்மா தடுக்கவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லி, அதை உன் பேரோடு எழுதவைத்துவிட்டு விலகு. சும்மா எழுந்து போனால் அந்த இடத்தில் இன்னொரு பெண்ணை நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள், நீ போனதுகூட அவர்களுக்குத் தெரியாது.

தீர்க்காயுசாக, தைரியமாக இரு. தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. உன் கமிட்டிக் கூட்டம் முடிந்ததும் போன் செய். விலகினாயா இல்லையா என்று கேட்க மாட்டேன், என்ன சொன்னாய் என்றுதான் கேட்பேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
பொ. முருகேஸ்வரி