கைத்தடுப்பு வைத்த சீவுகட்டை

ஜூலை 10, வியாழன்

விடிந்ததிலிருந்து காற்று. வாசலில் பெருக்கப் பெருக்கத் துறைமுகத்துக் கரித்தூள். ஏரலிலிருந்து மொந்தன் வாழைத்தார் வந்து இறங்கிவிட்டது. பனிமய மாதா திருவிழாவுக்கு பேக்கரி அண்ணாச்சி கேட்ட சிப்ஸ். இன்றைக்கே தொடங்கினால்தான் முடியும்.

அமலியக்கா அடுப்பில், நான் சீவுகட்டையில். வழக்கம்தான். பலகை நடுவில் பிளேடு, கீழே அன்னக்கூடை, உரித்த காயை வைத்துத் தேய்க்க வேண்டியது. கை தானாகப் போகும். பேச்சு வேறு. அவள் மருமகன் புது பைக் எடுத்த கதை.

பேச்சை நிறுத்திவிட்டுக் கூடையைப் பார்த்தாள். "ஏளா செல்வி, காயில என்ன செவப்பு?"

என் கைதான். வலது சுண்டுவிரல் ஓரம் சீவிப்போய்த் தோல் தொங்குகிறது. அதோடு நான் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். எத்தனை காய் என்று தெரியவில்லை.

அக்கா துணி கிழித்துக் கட்டினாள். காயத்தைவிட என் முகத்தைத்தான் அதிகம் பார்த்தாள். வலிக்கவில்லையா என்று கேட்டாள். வலிக்கிறது என்றேன்.

வலிக்கவில்லை.

கூடை முழுதும் குப்பைக்கு.

ஜூலை 12, சனி

வாங்க: கல் உப்பு, மஞ்சள்தூள், பாக்கெட் கவர், சீல் மிஷின் வயர்.

அவர் பெங்களூர் டிரிப் முடித்து வந்தார். டிரெய்லர் ஓட்டி வந்த அலுப்பு, கண்ணெல்லாம் சிவப்பு. விரலில் போட்ட கட்டைப் பார்த்துவிட்டு, பார்த்துச் செய்யக்கூடாதா என்றார். சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்.

குளிக்கும்போது கட்டை அவிழ்த்து, ஊக்கால் தொட்டுப் பார்த்தேன். சுண்டுவிரல் இல்லை. மோதிரவிரலில் பாதி இல்லை. உள்ளங்கை ஓரம் மணிக்கட்டு வரைக்கும் இல்லை. விரல் இருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

முழங்கைக்குக் கீழே தேமல் மாதிரி ஒன்று போன வருஷத்திலிருந்து. மெடிக்கலில் களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். அதிலும் ஊக்கு வைத்தேன். அங்கேயும் ஒன்றுமில்லை.

மத்தியானம் அக்கா பேரனைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். தினமும் இதுதான். மகள் பேறுகாலத்துக்கு வந்தவள் இன்னும் போகவில்லை. பிள்ளைக்குக் கழுத்து நின்றுவிட்டது. எனக்குப் பிள்ளை இல்லை என்பதால் அக்கா இதை ஒரு கொடுப்பினை மாதிரி செய்கிறாள், சொல்லிக்காட்டாமல்.

ஜூலை 15, செவ்வாய்

பெரியாஸ்பத்திரி. டி.டி. ஊசி போட்டு மருந்து கட்டத்தான் போனேன். டாக்டர் முழங்கையைப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார். தொட்டால் சொல்லுங்கள் என்றார். நான் காத்துக்கொண்டே இருந்தேன். கண்ணைத் திறக்கச் சொன்னபோது பஞ்சு என் கைமேல்தான் இருந்தது.

வேறு அறைக்கு அனுப்பினார்கள். முழங்கை எலும்பு ஓரம் நரம்பை அமுக்கிப் பார்த்தார்கள். தடித்திருக்கிறதாம். அப்புறம் சபீனா என்று ஒரு சுகாதாரப் பணியாளர், காயல்பட்டினத்துப் பெண். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து சொன்னாள்.

"அக்கா, இது தொழுநோய். மாத்திரை இருக்கு, சும்மாவே தருவோம். ஒழுங்கா சாப்பிட்டா சுத்தமா கொணமாயிரும்."

ஊரில் இதற்கு வேறு பெயர். திட்டுவதற்குச் சொல்கிற பெயர். நானே சண்டையில் சொல்லியிருக்கிறேன்.

அவள் சொன்னவை, மறக்காமல்:
மாத்திரை தொடங்கிவிட்டால் என்னிடமிருந்து யாருக்கும் பரவாது.
சாப்பாட்டிலோ பாத்திரத்திலோ ஒட்டுவதில்லை. வேலையை விட வேண்டாம்.
நரம்பு வீக்கத்துக்குத் தனி மாத்திரை, சாப்பிட்டபிறகு.
போன உணர்ச்சி கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.
தோல் கறுக்கும், பிறகு சரியாகும்.
விரலுக்குத் தெரியாததைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிளேடு, சூடு இரண்டிலும் கவனம்.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களையும் ரொம்ப நாள் கூடவே பழகியவர்களையும் பரிசோதிக்க வேண்டும் என்றாள். அவர்களுக்கு ஒரே ஒரு வேளை மாத்திரை. வீட்டுக்காரர் என்றேன். வேலையில் கூட யாராவது என்று கேட்டாள்.

யாருமில்லை என்றேன்.

ஜூலை 16, புதன்

மூத்திரம் சிவப்பு. மாத்திரையால் அப்படி ஆகுமென்று சபீனா சொல்லித்தான் அனுப்பினாள், இருந்தாலும் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

பாத்திரக் கடைக்குப் போய்க் கை வெட்டாத சீவுகட்டை கேட்டேன். மூன்று வகை காட்டினான். கைத்தடுப்பு வைத்ததை எடுத்தேன். மடக்கு கால். பக்கத்தில் ஒரு திருகு, சீவல் எவ்வளவு கனம் வேண்டுமென்று வைக்க. மேலே கைக்கு ஒரு குமிழ், அதன் அடியில் முள். காயை முள்ளில் குத்திக் குமிழைப் பிடித்துத் தள்ள வேண்டும். கை பிளேடுப் பக்கமே போகாது. கடைக்காரப் பையன் காகிதத்தைச் சுருட்டி வைத்துச் சீவிக் காட்டினான்.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு காய் போட்டேன். எல்லாம் ஒரே கனம். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் ஓரம் பிசகவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் நான் இப்படிச் சீவியதில்லை.

அழுகை வந்தது. சீவல் ஒழுங்காக இருந்ததற்கா என்று தெரியவில்லை.

ஜூலை 18, வெள்ளி

அமலியக்காவுக்குப் புதுக் கட்டை பிடிக்கவில்லை. மெதுவாம். உண்மை. பழையதில் நான்கு காய் போகிற நேரத்தில் இதில் இரண்டு. கடைசித் துண்டு முள்ளிலேயே நின்றுவிடுகிறது, அதைத் தனியாக எடுத்து பஜ்ஜிக்கு வைக்கிறேன். சின்னப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிற சாமான் என்றாள். பிறகு ஒரு ஈடு எடுத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒண்ணுபோல வெந்திருக்கே என்று அவளே சொன்னாள். முன்னெல்லாம் மெல்லியது கருகும், தடித்தது சவசவ என்று இருக்கும்.

மத்தியானம் பிள்ளையை நீட்டினாள். கை சரியில்லை என்றேன். ஒரு கையால் பிடியேன் என்று மடியில் போட்டுவிட்டுப் போனாள். முந்தானையால் என் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு அது தூங்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மாத்திரை தொடங்கியாயிற்று, இனிப் பரவாது. இனிமேல் சரி. இதுவரைக்கும்?

ஜூலை 20, ஞாயிறு

அவரிடம் சொன்னேன். காபியைக் குடிக்காமல் ஆறவிட்டார்.

"யார்ட்டயும் சொன்னியா?"

இல்லை என்றேன்.

"சொல்லாத."

கறி எடுத்து வருவதாக இருந்தவர் போகவில்லை. பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு போய் வண்டி கேபினில் படுத்துக்கொண்டார். காற்றில் கதவு அடித்துக்கொண்டே இருந்தது.

ஜூலை 22, செவ்வாய்

சபீனா போனில். அவர் வந்தாராம். ஹெல்மெட்டைக் கழற்றாமல் வரிசையில் நின்றாராம். உடம்பில் ஒன்றுமில்லை, மாத்திரையை அங்கேயே முழுங்கிவிட்டுப் போனாராம்.

எனக்கு அவர் போன் செய்யவில்லை. லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று வண்டி ஆபீசில் சொன்னார்கள்.

வைக்கும் முன் சபீனா மறுபடி கேட்டாள், வேறு யாரும் உண்டா என்று. குரலில் கோபமில்லை. நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். வாய்வரை வந்தது.

சொல்லவில்லை.

ஜூலை 24, வியாழன்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும்.

காலையில் காய் உரித்து அடுப்பை மூட்டியிருந்தேன், சீவத் தொடங்கவில்லை. அக்கா பிள்ளையோடு வந்தாள். கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"இங்கன பாரேன், வெள்ளையா இருக்கு. பூச்சி கடியா இருக்குமோ?"

மிளகு அளவு வெளுப்பு. அடுப்பை அணைத்தேன். பிள்ளையை மகளிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போனாள், ஏதோ ரகசியம் சொல்லப்போகிறேன் என்று.

வந்ததும் சொன்னேன். நோயின் பெயரைச் சொன்னேன். எப்போது தெரியும் என்பதையும் சொன்னேன். பிள்ளையைச் சபீனாவிடம் காட்டிவிடு அக்கா, நீயும் மகளும் போங்கள் என்று நம்பர் எழுதிக் கொடுத்தேன். நீட்டிய சீட்டை அவள் உடனே வாங்கவில்லை. என் கட்டுப் போட்ட கையையே பார்த்தாள். பிறகு முனையைப் பிடித்து வாங்கிக்கொண்டாள்.

"செவ்வாக்கெழமையே தெரியுமா ஒனக்கு? போன வாரச் செவ்வாக்கெழமையே?"

ஆமாம் என்றேன்.

குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். போய்விட்டாள்.

உரித்த காயெல்லாம் கறுத்துவிட்டது.

ஜூலை 26, சனி

கோயிலில் கொடியேற்றம். வெடிச்சத்தம் இங்கே வரைக்கும். தெருவே காலி, எல்லோரும் அங்கே.

சபீனா பேசினாள். அக்கா நேற்றே மகளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாளாம். பெரியவர்கள் இருவருக்கும் ஒன்றுமில்லை. கைக்குழந்தைக்கு மாத்திரை கிடையாது, உடம்பைத்தான் பார்த்தார்களாம். கன்னத்தில் இருப்பது தோல் வறட்சி. அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் படுத்துக்கொண்டேன்.

யாருமில்லை என்று ஏன் சொன்னீர்கள் என்று சபீனா கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சாயங்காலம் அக்காவின் மருமகன் வந்தான். வாசலுக்கு வெளியே நின்றான். பெரிய சட்டியும் கேஸ் அடுப்பும் அத்தையோடது, எடுத்து வெளியே வையுங்கள் என்றான். இரண்டு நடையாகத் தூக்கி வைத்தேன். கைக்குத் துணி சுற்றியிருந்தான்.

ஜூலை 30, புதன்

பேக்கரி அண்ணாச்சி, திருவிழாச் சரக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேறு இடத்தில் எடுத்துவிட்டாராம். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. உடம்பைப் பாத்துக்கிடும்மா என்றார். அப்போதுதான் புரிந்தது.

கீரைக்காரி எங்கள் வாசலில் கூடையை இறக்கவில்லை. எதிர்வீட்டில் இறக்கினாள்.

முகம் கறுக்கத் தொடங்கிவிட்டதா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

அவரிடமிருந்து போன் இல்லை.

பழுத்துப்போன காயை மாட்டுக்குப் போட்டேன். சீவுகட்டையைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். பிறகு வேறு வேலையில்லாததால் எடுத்து ஒரு வெள்ளரிக்காய் சீவினேன். உப்புப் போட்டு நானே தின்றேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

திருவிழா நாள். வெயில். மத்தியானம் பின்வாசல் வழியாக அமலியக்கா வந்தாள். கோயிலுக்குக் கட்டிய பட்டுச்சேலையோடு. உள்ளே வந்து உட்கார்ந்தாள். நான் எழுந்து நின்றேன்.

அண்ணாச்சியிடம் சொன்னது மருமகன்தானாம். அதற்கு அவனை ஏசிவிட்டாளாம். ஆனால் இனி இங்கே வேலைக்கு வர வீட்டில் விடமாட்டார்கள். அவளுக்கும் மனம் இல்லை.

"சீக்குக்கு எனக்குக் கோவம் இல்லளா. அந்த நர்சு எல்லாம் வெளக்கமாச் சொல்லிட்டா. அது யாருக்கும் வரும். நீ ஒம்பது நாளு என் பிள்ளைய மடியில வச்சிக்கிட்டு வாயத் தொறக்கல. அதத்தான் என்னால தாங்க முடியல."

பயம் அக்கா என்றேன்.

"எனக்கு மட்டும் பயம் இருக்காதா?"

அவளிடம் அன்றே சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பாள் என்றுதான் தோன்றுகிறது. அது இன்னும் மோசமாக இருக்கிறது.

பிள்ளை எழுந்திருப்பான் என்று அக்கா கிளம்பினாள். படி இறங்கும்போது திரும்பிப் பார்க்காமலே மாத்திரையை விட்டுவிடாதே என்றாள்.

ஆகஸ்ட் 6, புதன்

அவர் வந்துவிட்டார். வண்டியை ஆபீசில் விட்டுவிட்டு நடந்தே வந்திருக்கிறார். ஏன் போன் இல்லை என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கொடியில் கிடந்த தன் துணிகளை மடித்து அலமாரியில் வைத்தார். பாயை உள்ளே விரித்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் தலையணை ஒன்று இருக்கிறது. இருக்கட்டும்.

இங்கே பக்கத்துப் புதுக்கோட்டையில் டீக்கடை ஒன்றில் சிப்ஸுக்குப் பேசியிருக்கிறாராம், கொஞ்சமாகத்தான். அங்கே நம்மைத் தெரியாது என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காற்று குறைவு. அரைத் தார் காய். அவர் ஒரு டிரிப்புக்கு லீவு சொல்லிவிட்டார். நான் திண்டில் சீவுகட்டையை வைத்துக்கொண்டேன், திருகை இரண்டாவது கோட்டில். எண்ணெயைக் காயவைத்தவர், அடுப்புப் பக்கம் நீ வராதே என்றார். எப்போது கிளற, எப்போது உப்புத்தண்ணீர் தெளிக்க என்று தூரத்திலிருந்தே சொன்னேன். உப்புத்தண்ணீர் ஊற்றியதும் எண்ணெய் பொங்கியதில் கரண்டியைப் போட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். லாரி ஓட்டுகிற ஆள்.

முதல் ஈடு கருகிவிட்டது. இரண்டாவது பரவாயில்லை.