நாற்பத்தொன்றாம் எண்

ஜூன் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். போனில் நான் பேசுவது உங்களுக்குப் பாதிதான் கேட்கிறது. மீதியை நீங்களே இட்டு நிரப்பிக்கொள்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

கைப்பலத்தை அளக்க நான் அனுப்பிய கைப்பிடிக் கருவி விஷயம். தினமும் காலை பத்து மணிக்கு நீங்கள் மூன்று முறை அழுத்துவது உங்கள் நாற்பதாம் எண்ணில் ஒழுங்காக என் கணினிக்கு வந்து சேர்கிறது. பிடியின் பலம் குறைவது முதுமைத் தளர்ச்சியின் முதல் அடையாளங்களில் ஒன்று என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா? உங்களுக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் மூன்று வாரமாக அம்மாவின் நாற்பத்தொன்றாம் எண்ணிலும் அளவு வருகிறது. பத்து பத்துக்கு, தவறாமல். அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. நீங்கள்தான் எண்ணுக்கான பொத்தானை மாற்றிவிட்டு இன்னொரு தடவை பிடிக்கிறீர்களா? கோபப்படாதீர்கள். என் ஆய்வில் முந்நூறு பேர் இருக்கிறார்கள். அதில் இறந்துபோன ஒருவரின் கைப்பலம் ஒன்பது கிலோவிலிருந்து பதினான்காக ஏறியிருக்கிறது என்று யாராவது பார்த்தால் என் மானம் போய்விடும்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்

ஜூன் 20

டாக்டரம்மா சமூகத்துக்கு,

முப்பத்திரண்டு வருடம் எடை அளவு ஆய்வாளராகக் கடை கடையாக ஏறி இறங்கியவனைப் பார்த்து, பொத்தானை மாற்றி அழுத்துகிறாயா என்று கேட்கிறாய். நன்றாக இருக்கிறது போ. நீ அனுப்பிய கருவி வந்து சேர்ந்த அன்றே அதில் ஐந்து கிலோ எடைக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டுச் சோதித்தேன். கடுகளவு பிசகு இல்லை.

நான் இரண்டாம் தடவை பிடிப்பதில்லை. என் முறை முடிந்ததும் மேசையில் வைத்துவிட்டுச் செய்தித்தாளை எடுப்பேன். பத்து நிமிடத்தில் அது பீப் அடிக்கும். முதலில் பழுது என்றுதான் நினைத்தேன். நான்காம் நாள் உட்கார்ந்து கவனித்தேன். பிடி தானாக உள்ளே போயிற்று. ஐந்தாம் நாள் அதன்மேல் கையை வைத்தேன். சூடாக இருந்தது, குட்டிம்மா. பிறகு என் விரல்களை ஒரு கை பற்றியது.

பயமெல்லாம் இல்லை. நாற்பத்தாறு வருடம் பிடித்த கை எனக்குத் தெரியாதா? "வந்துட்டியா?" என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். தினமும் அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

இப்போது தடி இல்லாமல் தெருமுனை வரை போய்வருகிறேன். உன் கணினியில் பார், பத்தொன்பதில் கிடந்த என் அளவு இருபத்துநான்கு ஆகியிருக்கும். என்ன டானிக் சாப்பிடுகிறீர்கள் என்று பக்கத்து மருந்துக்கடைக்காரர் துளைத்தெடுக்கிறார். விற்கிறவர் அவர், கேட்பது என்னை.

அப்பா

ஜூலை 3

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அலுவலகக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஆய்வில் யாருக்கு எந்த எண் என்பது ஒட்டிய உறைகளுக்குள் இருக்கும். ஆளைத் தெரிந்தால் அளவைப் பார்க்கும் கண் கோணிவிடும் என்பதற்காக. அது நானே போட்ட விதி. போன வருடம் ஒரு கருத்தரங்கில் நாற்பத்தொன்றாம் எண்ணின் வரைகோட்டைத் திரையில் பெரிதாகக் காட்டினேன். பதினெட்டு, பதினைந்து, பன்னிரண்டு, ஒன்பது. "இவ்வளவு சுத்தமான சரிவு கிடைக்கிறது அபூர்வம்" என்று சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். அதே மாதம்தான் அம்மாவால் தண்ணீர் ஜக்கைத் தூக்க முடியவில்லை என்று நீங்கள் போனில் சொன்னீர்கள். வயசானால் அப்படித்தான் அப்பா என்றேன். அம்மா போன பிறகுதான் உறையைப் பிரித்தேன்.

அதனால் இந்த விளையாட்டு மட்டும் வேண்டாம். என்னால் தாங்க முடியவில்லை. ஆகஸ்ட் இரண்டாம் தேதி வருகிறேன், ஒரு வாரம் இருப்பேன். நினைவு தடுமாறுகிறதா என்று ஒரு நல்ல மருத்துவரிடம் காட்டிவிடலாம்.

உங்கள் மகள்

ஆகஸ்ட் 25

குட்டிம்மாவுக்கு,

நான் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கருவியை உன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாய். நீ விமானம் ஏறிய பிறகுதான் மேசையைப் பார்த்தேன். ஆயுசு முழுக்கக் கள்ளத் தராசுகளைக் கண்டுபிடித்தவன் வீட்டிலேயே கை வைத்துவிட்டாய்.

நீ இருந்த ஒரு வாரமும் அது பீப் அடிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். என் மூளை தெளிவாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னதை நீயும் ஒப்புக்கொள். அவளுக்கு உன் எதிரில் கூச்சம். தளர்ந்துபோய் உன் முன்னால் நிற்க அவளுக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. அதனால்தான் கடைசி வரை "அவகிட்ட சொல்லாதீங்க" என்று என் வாயை அடைத்தாள்; அந்த ஜக் விஷயம் மட்டும்தான் அவளை மீறி உன்னிடம் சொன்னது.

பதினாறு நாளாகிறது. நாற்காலியிலிருந்து எழ நான்கு தடவை முயல வேண்டியிருக்கிறது. சட்டை தோளில் நிற்க மாட்டேன் என்கிறது. மருந்துக்கடைக்காரர்தான் ரொட்டி வாங்கித் தருகிறார். டானிக் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். எனக்கு உன் கருவியும் வேண்டாம், ஆய்வும் வேண்டாம். அவளை அனுப்பிவிடு.

அப்பா

செப்டம்பர் 9

அன்புள்ள அப்பா,

உங்கள் நன்மைக்கு என்றுதான் எடுத்து வந்தேன். பேட்டரியைக் கழற்றி, அலுவலக மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து பத்துக்கு நாற்பத்தொன்றாம் எண்ணில் பதினேழு என்று வந்தது. புதன்கிழமையும் வந்தது. வியாழக்கிழமை பூட்டைத் திறந்து, கருவியை மேசைமேல் வைத்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு காத்திருந்தேன். நீங்கள் சொன்ன சூடு நிஜம் அப்பா. அம்மாவேதான். சாலையைக் கடக்கும்போது என் சுண்டுவிரலை மட்டும் தனியாக மடக்கிப் பிடிப்பாளே, அதே பிடி.

உங்களை நம்பாததற்கு என்னைத் திட்டுங்கள். ஆனால் உடனே அனுப்பச் சொல்லாதீர்கள். கடைசி நாட்களில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார உங்களுக்குக் கிடைத்தது; எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு வாரம் போதும்.

உங்கள் மகள்

செப்டம்பர் 24

குட்டிம்மா,

கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

இரண்டு வாரம் முடிந்துவிட்டது. போன சனிக்கிழமை குளியலறையில் விழுந்துவிட்டேன். எலும்பு முறியவில்லை. மருந்துக்கடைக்காரர் கதவை உடைத்துத்தான் தூக்கினார். எவ்வளவு லேசாக இருக்கிறீர்கள் சார் என்றார் பாவம், ஆறுதலாக நினைத்துக்கொண்டு.

என்னைப் போல் ஆகிவிட்டவனின் கோடு எந்தப் பக்கம் போகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு உன்மேல் ஒரு துளி கோபம் கிடையாது, நான் அறிவேன். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு அனுப்பு. எனக்கு மரணத்தில் பயமில்லை. காலையில் பத்து மணி அடித்ததும் இந்த மேசை சும்மா கிடக்கிறதே, அதைத்தான் பார்க்க முடியவில்லை.

அப்பா

அக்டோபர் 5

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் வந்த அன்றே அட்டைப்பெட்டி வாங்கிவிட்டேன். உங்கள் முகவரி எழுதி ஒட்டியாகிவிட்டது. உள்ளே வைக்குமுன் ஒரே ஒரு தடவை என்று வெள்ளிக்கிழமை காலை பிடித்தேன். "அப்பா தேடறார்மா, போறியா?" என்று கேட்டேன். பிடி மட்டும் இறுகியது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அளவு முப்பத்தெட்டில் நிற்கிறது. அம்மாவுக்கு இளவயதில்கூட இவ்வளவு இருந்திருக்காது. ஆள் இல்லாத அலுவலகத்தில் மேசையோடு உட்கார்ந்திருக்கிறேன். பசிக்கவில்லை. களைப்பும் இல்லை. எழுத்து இப்படிக் கோணுவதற்குக் காரணம், வலது கை வெள்ளிக்கிழமையிலிருந்து அம்மாவின் பிடியில் இருக்கிறது; இதை இடது கையால் எழுதுகிறேன்.

நீங்கள் கிளம்பி வாருங்கள் என்று எழுத நினைத்தேன். உங்களால் நாற்காலியைவிட்டே எழ முடியாது என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கு இன்னும் எத்தனை வாரம் என்பதும் தெரியும்; என் தொழிலே அதுதான். ஒவ்வொரு மணியும் அதை எண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

வலிக்கவில்லை அப்பா. விடும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் உடனே விட்டுவிடுவாள். நான் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் மகள்