கேக் ஓரங்கள்

அம்மாவுக்கு,

நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன்.

நான் வயிற்றில் இருந்தபோது என்ன சாப்பிட்டாய் என்று டாக்டர் உன்னிடம் கேட்டார். "பேக்கரியில வெட்டிப்போடுற கேக் ஓரந்தான், மூணு வேளையும். வேலைக்காரங்களுக்கு அது சும்மா," என்றாய். என் பருமனுக்கும் சர்க்கரைக்கும் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்.

பஸ்ஸில் நான், "அப்பவே வாயைக் கட்டியிருக்கலாமே," என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

மூன்று நாளாக உன் தட்டு நனையவே இல்லை. கேட்டால், "பசிக்கலடி," என்கிறாய்.

நீ பட்டினி கிடந்தால் என் சர்க்கரை இறங்காது, அம்மா. வேறு சாப்பாடு கிடைத்திருந்தால் அதைத்தானே சாப்பிட்டிருப்பாய். இது எனக்குப் பஸ்ஸிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

டாக்டர் எனக்கு எழுதித் தந்த பத்தியச் சாப்பாட்டை இன்று இருவருக்குமாகச் சமைத்திருக்கிறேன். உப்பு குறைவுதான். என்னைத் திட்டிக்கொண்டாவது சாப்பிடு.

உன் மகள்