போயிட்டு வர்றேன் என்று சொல்லாத வீடு

என் செல்ல அக்காவுக்கு,

பலர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள், ஊரே படிக்கிற பத்திரிகையில் உங்களுக்கு எழுதுகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள். வேறு எந்த விலாசத்துக்கு எழுதுவது?

நீங்கள் போன பஸ்ஸில் குண்டு வெடித்த பிறகு, உங்கள் நாலு வயது மகள் சுதாவிடம் நாங்கள் எல்லோரும் ஒரே பொய்யைச் சொன்னோம்: "அம்மா கொழும்புக்குப் போயிருக்காங்க, வந்துருவாங்க." சுதா பேச்சைக் குறைத்தாள். காலையில் நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கக் கிளம்பி, "சித்தி போயிட்டு வர்றேன்" என்றதும் சேலையைப் பிடித்துக்கொண்டு அலறுவாள். வீட்டின் முதல் பட்டதாரி என்று என்னைச் சொல்லித் திரிவீர்களே, அந்தப் பட்டதாரிக்கு இது ஏனென்று விளங்கவில்லை.

மாத்தளை டவுனில், பிள்ளைகளோடு விளையாடியே அவர்களின் பயத்தை ஆற்றுகிற ஒரு மிஸ்ஸிடம் கூட்டிப்போனேன். அங்கே சுதா பிஸ்கட் பெட்டியை பஸ்ஸாக்கி, ஒரு பொம்மையை ஏற்றினாள். பொம்மைக்காக அவளே, "போயிட்டு வர்றேன்" என்றாள். பிறகு பஸ்ஸை அலுமாரிக்கு அடியில் தள்ளிவிட்டாள். நான் அவசரமாகக் குனிந்து, "இந்தா, வந்துட்டாங்க பாரு" என்று பொம்மையை எடுத்தேன். கையைக் கடித்துவிட்டாள்.

"விடுங்க மகள்," என்றார் மிஸ் என்னிடம். "அவ சரியாத்தான் விளையாடுறா. நீங்கதான் பிழையா விளையாடுறீங்க."

'போறேன்' என்று சொன்னால் ஆகாது என்றுதானே நாம் அப்படிச் சொல்கிறோம்? நீங்களும் வாசலில் அதைத்தானே சொன்னீர்கள். அவளுக்கு அது திரும்பி வராதவர்கள் சொல்கிற சொல்.

அடுத்த கிழமை, மிஸ் பக்கத்தில் இருக்க, தரையில் உட்கார்ந்து சொன்னேன். "அம்மா செத்துட்டாங்க, சுதா. இனி வரமாட்டாங்க."

யோசித்தாள். "அப்ப அம்மாவுக்குப் பசிச்சா?"

"பசிக்காது."

"ஊசி போட்டா?"

"வலிக்காது."

"சித்திக்கு?"

"எனக்கு வலிக்கும்," என்றேன். அழுதது நான்தான். மிஸ் அவளை விட்டுவிட்டு எனக்குத் தண்ணீர் எடுக்கப் போனார்.

இப்போது காலையில், "மத்தியானம் நீ தூங்கி எழும்பினதும் சித்தி பஸ்ஸுல வந்து இறங்குவேன்" என்று மட்டும் சொல்கிறேன். முகம் சுளிக்கிறாள், ஆனால் சேலையை விடுகிறாள். உங்களைப் பற்றி அவள் எதைக் கேட்டாலும் இனி பொய் சொல்லமாட்டேன் அக்கா. இது சத்தியம்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். மூடிய சவப்பெட்டியைத்தான் எங்களிடம் தந்தார்கள். அதனாலோ என்னவோ, சந்தியில் பஸ் நிற்கும்போதெல்லாம் நான் இன்னும் எட்டிப் பார்க்கிறேன். சுதா பார்ப்பதில்லை. நானும் நிறுத்திக்கொள்ளட்டுமா?

உங்கள் தங்கை,
சுதாவின் சித்தி